மேல்மலையில் சமைத்துச் சாப்பிடும் வீடு: வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறைப் பக்கம், பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு விடுகிறோம். அடுப்பு, பாத்திரம், கேஸ் எல்லாம் இருக்கும். சமைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். இதில் பாதிக்கு மேல் பழனி மலையில் வேறு எந்த வீட்டில் தங்கினாலும் பயன்படும்.

அண்ணே, இது ரிசார்ட்டா, ஹோம்ஸ்டேவா? ஒண்ணும் புரியலையே.

இரண்டும் இல்லை. ரிசார்ட்டில் மணி அடித்தால் காபி வரும். ஹோம்ஸ்டேயில் வீட்டுக்காரர்கள் கூடவே இருப்பார்கள், சாப்பாடும் பெரும்பாலும் அவர்களே போடுவார்கள். இங்கே சாவியை வாங்கிக்கொண்டால் போகிற வரைக்கும் வீடு முழுக்க உங்களுடையது. பார்த்துக்கொள்கிற அண்ணன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், கூப்பிட்டால்தான் வருவார்.

வாடகை வீட்டுக்கு, ஆள் கணக்கில் இல்லை. ஆறு பேர் வசதியாகத் தங்கலாம், எட்டுப் பேர் நெருக்கிப் படுக்கலாம். பதினைந்து பேர் என்றால் வேறு இடம் பார்ப்பதுதான் நல்லது, செப்டிக் டேங்க் தாங்காது.

கொடைக்கானல்லயே இருக்கா, தள்ளி இருக்கா?

தள்ளித்தான். ஏரியிலிருந்து பூம்பாறை சுமார் 18 கிலோமீட்டர். வளைவும் குறுகலுமான சாலை என்பதால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை எல்லாம் சேர்ந்ததை இங்கே மேல்மலை என்போம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் கீழ்மலை. காலையில் ஏரியில் படகு, மதியம் வந்து சமையல், மாலையில் திரும்பவும் டவுனில் ஷாப்பிங் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இந்த வீடு சரிப்படாது. பாதி விடுமுறை ரோட்டிலேயே போய்விடும்.

டிரெயின்ல கொடைக்கானல் ரோடு வரைக்கும் வந்துட்டா போதும்ல?

பெயரை நம்பி இறங்குகிறவர்கள் நிறையப் பேர். கொடைக்கானல் ரோடு என்பது திண்டுக்கல்–மதுரை பாதையில் அம்மையநாயக்கனூரில் இருக்கும் ஸ்டேஷன். அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், அதிலும் வத்தலக்குண்டு தாண்டி முழுக்க மலை ஏற்றம். கொங்குப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பழனியில் இறங்குவது நல்லது, அங்கிருந்து மலைப்பாதை சுமார் 64 கிலோமீட்டர். இரண்டு சாலையும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடும்.

இ-பாஸ் இன்னும் இருக்கா? தமிழ்நாட்டு நம்பர் வண்டிதானே நம்மளது?

தமிழ்நாட்டு வண்டி என்றாலும் வெளியூர் வண்டி வெளியூர் வண்டிதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். விதி அவ்வப்போது மாறுகிறது. அதனால் கிளம்புவதற்கு முன் அரசின் இ-பாஸ் இணையதளத்தைப் பார்த்து, பாஸை எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. ஏஜென்ட் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை.

மதியம் கிளம்பினா நைட்டுக்குள்ள வந்துரலாமா?

வந்துவிடலாம், ஆனால் வராதீர்கள். சாயங்காலம் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. மேல்மலைச் சாலையில் இருட்டியபின் காட்டெருமை நடுரோட்டில் நிற்கும். மாலை நான்கு மணிக்குள் கொடைக்கானலைத் தாண்டுகிற மாதிரி கிளம்புங்கள். பெட்ரோலை டவுனிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் முதல் முறை ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகல் வாசனை வரும். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மாத்திரையை அடிவாரத்திலேயே, ஏறுவதற்கு அரை மணி முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். வத்தலக்குண்டில் வயிறு முட்ட பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏறினால் எந்த மாத்திரையும் உதவாது.

கிச்சன்ல என்னென்ன இருக்கும்? நாங்க என்ன கொண்டு வரணும்?

இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 3 லிட்டரிலும் 5 லிட்டரிலும் குக்கர், இட்லிப் பானை, தோசைக்கல், வாணலி, மிக்ஸி, சின்ன ஃபிரிட்ஜ், எட்டுப் பேருக்குத் தட்டு, தம்ளர். உப்பு, சர்க்கரை, மஞ்சள்தூள், டீத்தூள் வைத்திருப்போம். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா உங்களுடையது. பெருங்காயத்தையும் கொண்டு வாருங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான், ஊர்க் கடையில் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தால் அகலவாய் டப்பாவில் ஊற்றி வாருங்கள். இந்தக் குளிரில் உறைந்துபோய் பாட்டிலிலிருந்து வெளியே வராது. கீசரையும் மிக்ஸியையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகும், ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கும் சார்ஜரும் ஓடும், கீசரும் மிக்ஸியும் ஓடாது. அதனால் சட்னி அரைப்பதை மாலைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

இட்லி மாவு கொண்டு வரலாமா? வழியில புளிச்சுப் போயிராதா?

தாராளமாக. கொண்டு வராமல் இங்கே வந்து அரைத்தால்தான் சிக்கல். இரவுக் குளிரில் மாவு பொங்காது, காலையில் பார்த்தால் வைத்தபடியே இருக்கும். ஊரிலேயே அரைத்து, பொங்கியபின் உப்புப் போட்டுக் கொண்டு வாருங்கள். பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். கீழே வெயிலில் கார் டிக்கியில் வரும் மாவு இன்னும் கொஞ்சம் பொங்கி மூடியைத் தள்ளும். மேலே வந்து சேர்ந்துவிட்டால் நல்லதுதான், ஃபிரிட்ஜில் இடம் இல்லாவிட்டாலும் மறுநாள் வரைக்கும் புளிப்பு ஏறாது.

மலை ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைவதால் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. ஊறுகாய் பாட்டிலை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திறக்காதீர்கள்.

சாதம் வேகவே மாட்டேங்குதுன்னு போன தடவை வந்த சித்தப்பா சொன்னாரு. அரிசியா, கேஸா, என்ன பிரச்சனை?

உயரம்தான் பிரச்சனை. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டருக்கு மேலே. தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 94 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பார்வைக்குத் தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு அவ்வளவுதான். தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். திறந்த பானையில் வைக்கும் சாதமும் பருப்பும் நேரம் எடுப்பது இதனால்தான்.

குக்கர் இந்தக் குறையைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும், உள்ளே அழுத்தம் ஏறிச் சூடும் ஏறுவதால். ஆனாலும் வீட்டில் வைப்பதைவிட ஒரு விசில், பருப்புக்கு இரண்டு விசில் கூட விடுங்கள். அரிசியையும் துவரம்பருப்பையும் அரை மணி ஊற வையுங்கள். கொண்டைக்கடலையை இரவு பச்சைத் தண்ணீரில் போட்டால் இந்தக் குளிரில் சரியாக ஊறாது, வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். முட்டை அவிக்க வழக்கத்தைவிட மூன்று, நான்கு நிமிடம் கூடுதலாகும். தோசை, வறுவல், தாளிப்பு எதுவும் மாறாது, அவற்றில் சூடு தருவது எண்ணெயும் கல்லும்.

கேஸையும் முழுக்கக் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தால் சுவாலை சுணங்கும். மாற்றுச் சிலிண்டர் இருக்கிறது, அண்ணனைக் கூப்பிடுங்கள். சிலிண்டரைச் சூடாக்கிப் பார்க்கும் வேலை எதுவும் வேண்டாம்.

காய்கறி அங்கேயே கிடைக்கும்ல?

கேரட், உருளை, பீன்ஸ், முட்டைக்கோஸ் தோட்டத்து விலையில் கிடைக்கும். கத்தரி, வெண்டை, முருங்கை வேண்டுமென்றால் வத்தலக்குண்டிலேயே வாங்கி வாருங்கள், அவை கீழ்நாட்டுக் காய். கொடைக்கானலில் ஞாயிறு அன்று சந்தை. அன்றைக்கு வருகிறவர்கள் அதை முடித்துக்கொண்டே வரலாம். பருவத்தில் பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட் கிடைக்கும்.

பூண்டு மட்டும் ஊரிலிருந்து கொண்டு வராதீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது விளைவது இந்தப் படிக்கட்டு நிலங்களில்தான். காரமும் மணமும் தூக்கல், வெகுநாள் கெடாது. இங்கே விளைவதில் பெரும்பகுதி பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிப் போய்விடும். ரோட்டோரத்தில் மலைப்பூண்டு என்று விற்பதெல்லாம் மலைப்பூண்டு இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கித் தரச் சொன்னால் அண்ணன் வாங்கித் தருவார். ஒரு நாள் இரவு பூண்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள். வழக்கமாகப் போடும் அளவில் பாதி போதும்.

சமைச்சுச் சாப்பிடற வீடுன்னா எனக்கு மட்டும் லீவு இல்லைன்னு அர்த்தமா?

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் பெண்கள். புக் செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால், குடும்பத்தோடு வருகிறவர்களில் அம்மா மூன்று வேளையும் அடுப்படியில் நிற்க, மற்றவர்கள் வராந்தாவில் மேகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பதுதான் நாங்கள் அதிகம் பார்ப்பது. அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். வருவதற்கு முன்னால் யார் எந்த வேளை சமைப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரையும் இட்லிப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு வந்தால் அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். இரவு கஞ்சியும் துவையலும் இந்தக் குளிருக்கு நன்றாக இருக்கும், கல்லூரிப் பையன்கூட வைத்துவிடுவான். காய் நறுக்குவதற்கு வராந்தாவில் பெரிய மேஜை போட்டிருக்கிறோம். அங்கே உட்கார்ந்தால் நாலு பேர் கை சேரும்.

சமையலுக்கு ஆள் வேண்டும் என்றால் ஊரில் ஒரு அக்கா வருவார். இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கூலியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், நாங்கள் கமிஷன் எடுப்பதில்லை. அவர் வைக்கும் பீன்ஸ் பருப்பு உருண்டைக் குழம்பும் உருளை வறுவலும் போதும், வருகிறவர்கள் திரும்பக் கேட்பார்கள். ஃபிரைட் ரைஸ் பட்டியல் கொடுக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குள் அவர் வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும், காரணம் கீழே காட்டெருமைக் கேள்வியில் இருக்கிறது.

கறி, மீன் சமைக்கலாமா?

சமைக்கலாம். அதற்கென்று தனிப் பாத்திரம் கீழ்த் தட்டில் இருக்கிறது. எலும்பையும் முள்ளையும் வெளியே வீசக்கூடாது, இரவு காட்டுப்பன்றி வந்துவிடும். மூடி போட்ட டிரம்மில் போடுங்கள்.

தண்ணி குடிக்கலாமா? கேன் வாங்கிட்டு வரவா?

குழாயில் வருவது ஊற்றுத் தண்ணீர். பார்க்கக் கண்ணாடியாக இருந்தாலும் காய்ச்சியே குடியுங்கள். 94 டிகிரிக் கொதியில் கிருமி சாகுமா என்று மேலே படித்தவர்கள் கேட்கலாம். சாகும். கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட்டு இறக்கினால் போதும், இந்த உயரத்துக்கு அதுதான் கணக்கு.

சின்ன பாட்டில்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வராதீர்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது, பிடிபட்டால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஆளுக்கு ஒரு சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.

குளிரு எவ்வளவு இருக்கும்? எந்த மாசம் வரலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் பகலில் இதமாக இருக்கும், இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும். கூட்டமும் அப்போதுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவு நன்றாக நடுக்கும், பள்ளமான இடங்களில் காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பகல் வானம் அப்போதுதான் தெளிவு. பழனி மலைக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசி.

ரூம் ஹீட்டர் இருக்கா? இல்லேன்னா கரி அடுப்பு குடுங்க, வெச்சுக்கறோம்.

ஹீட்டர் இல்லை. கரி அடுப்பு கட்டாயம் கிடையாது. வெளியே பார்பிக்யூ போட்டுவிட்டு, கனல் இருக்கிற அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் கொண்டுபோய் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். கொடைக்கானலிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. புகை இல்லாத கனல்தானே என்று வாதாடாதீர்கள், புகை இல்லை என்பதால்தான் ஆபத்து. கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் இதே கதைதான்.

ஆளுக்கு இரண்டு கம்பளி தருகிறோம். சாக்ஸும் குல்லாவும் கொண்டு வாருங்கள். வெந்நீர் பை கேட்டால் கிடைக்கும்.

அப்போ கேம்ப் ஃபயராவது போடலாமா?

முற்றத்தில் கல் அடுக்கிய குழிக்குள் மட்டும், காற்று இல்லாத இரவில். பிப்ரவரி முதல் கோடை மழை இறங்கும் வரை கிடையாது. புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். காட்டில் விறகு பொறுக்கப் போகாதீர்கள், வனத்துறை பிடித்தால் எங்களால் காப்பாற்ற முடியாது.

காட்டெருமை வருமாமே, சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. பயமில்லையா?

வரும். கேரட் இருக்கும் வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கும். வளர்ந்த கடா ஒரு டன் எடை வரை இருக்கும். அசையாமல் நின்று நம்மையே பார்ப்பதால் பசு மாதிரி சாது என்று தோன்றிவிடுகிறது, செல்ஃபிக்குப் பக்கத்தில் போகிறார்கள். கன்று கூட இருந்தாலோ வழி அடைபட்டாலோ நொடியில் பாயும்.

இருட்டியபின் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். முற்றத்துக்குப் போவதானால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். எதிரே நின்றால் கத்தாமல், கல் எறியாமல், முகத்தில் ஃபிளாஷ் அடிக்காமல் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். காரில் இருந்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள், அதுவாகப் போய்விடும். சோலைக்குள் நடந்தால் மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், உப்பு வைத்தால் விழுந்துவிடும்.

எங்க நாயையும் கூட்டி வரலாமா?

வரலாம். இரவு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சிறுத்தைக்கு முதல் இலக்கு நாய்தான். பகலில் காட்டெருமையைப் பார்த்துக் குரைத்துவிட்டு உங்கள் காலடிக்கே ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். கயிறு கட்டாமல் விடாதீர்கள்.

நெட் கிடைக்குமா? வேலை பார்த்துக்கிட்டே தங்கலாம்னு இருக்கோம்.

வராந்தாவில் கிடைக்கும், உள்ளே வந்தால் போகும். கரண்ட்டைப் பற்றி மேலே சொன்னதையும் சேர்த்து யோசியுங்கள். மெயில் பார்க்கலாம். மீட்டிங் இருக்கிறவர்கள் டவுனில் தங்குங்கள்.

அங்கேயே பார்க்க என்ன இருக்கு? குறிஞ்சிப் பூ பார்க்கலாமா?

போகர் செய்ததாகச் சொல்லப்படும் சிலை உள்ள குழந்தை வேலப்பர் கோயில் பூம்பாறையில் இருக்கிறது. மன்னவனூரில் புல்வெளியும் ஏரியும் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் உண்டு. கூக்கால் ஏரியில் கூட்டம் குறைவு. பேரிஜம் போக வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை. 2018இல் பூத்தது, அடுத்து 2030.

கல்யாணம் ஆகாத ஜோடி வந்தா பிரச்சனை பண்ணுவீங்களா?

இல்லை. இரண்டு பேரும் 18 வயது தாண்டியவர்கள் என்பதற்கு அடையாள அட்டை போதும். எல்லா விருந்தினரிடமும் அதைத்தான் கேட்கிறோம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர் கூட வந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். அவர் தங்குவதை வந்த 24 மணி நேரத்துக்குள் நாங்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

அட்வான்ஸ் அனுப்பணும்னு சொல்றீங்க. நீங்க நிஜமான ஆளுன்னு எப்படி நம்பறது?

நம்பாமல் கேட்பது நல்லது. யாரோ எடுத்த படத்தைப் போட்டு, இல்லாத காட்டேஜுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போனை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டுக்கும் பணம் அனுப்புவதற்கு முன் வீடியோ காலில் வாசல், அடுப்படி, பாத்ரூம் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். அனுமதி இல்லாத காட்டேஜ்களுக்குக் கொடைக்கானலில் சீல் வைக்கிறார்கள். நீங்கள் பெட்டியோடு வந்து நிற்கும் நாளில்கூட அது நடக்கலாம். நாங்கள் கால் பகுதி மட்டும் முன்னால் வாங்குகிறோம், மீதி வந்தபின்.

மழையில ரோடு மூடிட்டா காசு போச்சா?

போகாது. மண்சரிவால் பாதை மூடப்பட்டாலோ, இ-பாஸ் கிடைக்காமல் போனாலோ முழுதும் திருப்பித் தருவோம், அல்லது தேதி மாற்றிக்கொள்ளலாம். பனியாக இருந்தது, வியூ தெரியவில்லை என்பதற்குத் தர முடியாது.

யாருக்காவது நடுராத்திரி உடம்பு சரியில்லேன்னா?

அரசு மருத்துவமனை கொடைக்கானல் டவுனில் இருக்கிறது. 108 வரும், ஆனால் மேலே சொன்ன அதே சாலையில்தான் வர வேண்டும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள் இந்த வீட்டுக்கு வேண்டாம், டவுனிலேயே தங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது வீட்டைக் கழுவி விடணுமா? மிச்ச மளிகையை வெச்சுட்டுப் போகலாமா?

பெருக்கித் துடைப்பது எங்கள் வேலை. பாத்திரம் மட்டும் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், காய்ந்த குக்கரைத் தேய்க்கும் வேலையை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டாம். பிரிக்காத பாக்கெட்டுகளை அலமாரியின் மேல் தட்டில் வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். பிரித்த மாவு, எண்ணெய், பாதிப் பால் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், அல்லது அண்ணனிடம் கேட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் குப்பை உங்களோடு கீழே இறங்க வேண்டும், அதற்கு வாசலில் ஒரு சாக்கு வைத்திருக்கிறோம். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, சாவியை அண்ணன் கையில் கொடுங்கள்.